யாருக்கு என்று கேள்வி சொல்லவில்லை

மே 6, திங்கள்

விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடங்கியது. பாளையங்கோட்டையில் வழக்கமான கல்லூரி, வழக்கமான இரண்டாம் மாடி. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றுகிறது. மற்றது சத்தம் மட்டும் போடுகிறது.

வரலாற்றுப் பாடத்துக்கு இந்த வருடமும் என்னைத் தலைமைத் தேர்வாளராகப் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கீழே ஆறு பேர் திருத்துவார்கள். அவர்கள் திருத்தியதில் பத்தில் ஒன்றை நான் மறுபடி பார்க்க வேண்டும். முப்பது எடுத்தால் தேர்ச்சி. இருபத்தைந்துக்கும் இருபத்தொன்பதுக்கும் இடையில் நின்றுபோன தாள்கள் எல்லாம் கட்டாயம் என்னிடம் வரும்.

பணியில் சேரும் படிவத்தில் 'செல்வி / திருமதி, பொருந்தாததை அடிக்கவும்' என்று இருந்தது. திருமதியை அடித்தேன். நாற்பத்தொன்பது வயதில் செல்வி. ஆண்களுக்கு 'திரு' மட்டும்தான். அவர்கள் அடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

தாள், ஐரோப்பிய வரலாறு 1453–1789. விடைக்குறிப்பு நான் தயாரித்தது. பன்னிரண்டு வருடமாக அதேதான். கேள்விகள் எண் மாறி வரும், பதில் மாறாது.

மாநகராட்சித் தண்ணீர் வரவில்லை. நாளை வரலாம்.

மே 7, செவ்வாய்

ஜெபக்கனி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி. பதினைந்து வருடமாக முகாம்களில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் தோழி. டப்பாவில் முறுக்கு கொண்டுவருவார், நான் கேட்காமலே தருவார், என் வீட்டைப் பற்றிக் கேட்பார்.

"தனியா ஒரு ஆளுக்கு எதுக்கு நாயகி மேடம் ரெண்டு ரூமு?"

"ஒண்ணுல நான். இன்னொண்ணுல புத்தகம்."

"புத்தகத்துக்கு வாடகை கேளுங்க."

ஆவுடைநாயகி என்ற முழுப் பெயரை முகாமில் யாரும் சொல்வதில்லை. 

மதியம் சுடலைமணி ஒரு விடைத்தாளைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கௌரவ விரிவுரையாளர், முப்பத்தைந்து இருக்கும், வேகமாகத் திருத்துபவர். "ஸ்பின்ஸ்டர்னா கல்யாணமாகாதவ இல்லையாம் சார், நூல் நூக்கிறவளாம், எழுதியிருக்கா பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, "அப்ப நம்ம மேடத்துக்கு ஒரு ராட்டை வாங்கிக் குடுத்துருவோமா?"

குரல் போதிய அளவு தணியவில்லை. அந்த வரிசை சிரித்தது. நான் மதிப்பெண் பட்டியலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் கூட்டல் தப்பாகி மறுபடி போட்டேன்.

மே 8, புதன்

அந்தத் தாள் இன்று என் மேசைக்கு வந்தது. மொத்தம் 26. நான்கு மதிப்பெண் குறைவு.

பதினெட்டாம் கேள்வி: 'நவீன காலத் தொடக்கத்தில் ஐரோப்பியப் பெண்களின் நிலை உயர்ந்ததை விவரி.' பத்து மதிப்பெண். விடைக்குறிப்பில் ஐந்து தலைப்புகள்: கல்வி, அரசிகள், இலக்கியம், அச்சு, சமயச் சீர்திருத்தம். தலைப்புக்கு இரண்டு. இந்த மாணவி ஒரு தலைப்பும் எழுதவில்லை. சுடலைமணி ஒன்று போட்டு, 'கேள்விக்குத் தொடர்பில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

ஒரு திருத்தம். எழுதியது பெண் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். பெயரைக் கிழித்துவிட்டு டம்மி எண் ஒட்டிய தாள். பெண் என்பதற்குச் சான்று இல்லை.

விடைக்குறிப்பின்படி ஒன்றே அதிகம். விடைக்குறிப்பு அப்படித்தான்.

நான் தாளை மூடிக் கட்டுக்குள் வைக்கவில்லை. இழுப்பறையில் வைத்தேன். நாளை பார்க்கலாம் என்றுதான்.

மே 9, வியாழன்

காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. நான்கு குடமும் ஒரு டிரம்மும் பிடித்தேன். வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

மே 10, வெள்ளி

விடைத்தாளிலிருந்து எதையும் படியெடுக்கக் கூடாது என்பது விதி. இந்தக் கையெழுத்தில் 'ற'வும் 'ர'வும் எப்படிக் குழம்புகின்றன என்று பார்ப்பதற்காகச் சில வரிகளை எழுதி எடுத்துவந்தேன். எழுதும்போது அந்தப் பிழைகளையும் நானே திருத்திவிட்டேன்.

'உயர்ந்ததை விவரி என்று கேள்வி சொல்கிறது. யாருக்கு என்று கேள்வி சொல்லவில்லை. அரசிகளுக்கும் பிரபுக்கள் வீட்டுப் பெண்களுக்கும் உயர்ந்தது. மற்றப் பெண்கள் கையிலிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் கணவன் செத்தால் மனைவி பட்டறையை நடத்தலாம் என்று தொழில் சங்கங்கள் விட்டன. பிறகு பல ஊர்களில் அதற்கும் தடை போட்டன. பிரசவம் பார்ப்பதற்குள்ளும் ஆண்கள் வந்தார்கள். பதிவேட்டில் ஆணின் பெயருக்குப் பக்கத்தில் கொல்லன், தச்சன் என்று எழுதினார்கள். பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் இன்னார் மனைவி, இன்னார் விதவை. ஸ்பின்ஸ்டர் என்றால் முதலில் நூல் நூற்பவள். அது ஒரு வேலை. பதினேழாம் நூற்றாண்டில் அதே சொல்லுக்குக் கல்யாணமாகாதவள் என்று அர்த்தம் வந்துவிட்டது. செய்கிற வேலையின் பெயர், இல்லாத ஒன்றின் பெயராகிவிட்டது.'

பிறகு இது:

'எங்கள் அம்மா இருபது வருடமாகத் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறார். கணக்கெடுக்க வந்தவர் வீட்டு வேலை என்று எழுதிவிட்டுப் போனார். அதனால் பழைய பதிவேட்டில் மனைவி என்று மட்டும் இருந்தால் அவள் வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம் இல்லை.'

இளங்கலை விடைத்தாள்களில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் பார்த்ததில்லை என்று எழுத வந்தேன். அப்படிச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் தாள்கள். ஞாபகம் இல்லை.

இது ஒரு பக்கம் இருக்க, இன்று வேறொரு தொல்லை. இழுப்பறையில் அந்தத் தாள் ஏன் இருக்கிறது என்று சுடலைமணி கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

"பாக்க என்ன இருக்கு மேடம்? அம்மா கதை எழுதியிருக்கா. ஆள் யாருன்னு தெரியற மாதிரி எழுதுனா முறைகேடு. நான் விட்டதே பெரிய விஷயம். இல்லைன்னா ரிப்போர்ட் போடணும்."

முறைகேடு என்று எழுதிவிட்டால் ஒரு தாள் அல்ல, அவள் அந்தப் பருவத்தில் எழுதிய எல்லாத் தாள்களும் நிறுத்திவைக்கப்படும். நான்கு மதிப்பெண் குறைவது ஒன்று, இது வேறு. அவர் சொன்னதை முகாம் அலுவலர் பீர்முகமது சார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 11, சனி

முகாம் அலுவலர் கூப்பிட்டார். கண்ணியமான மனிதர், விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குபவர் என்று ஜெபக்கனி சொல்வார்.

"என்ன மேடம், தாள்ல சொந்தக் கதை இருக்காமே."

"ஊர் பேர் இல்ல, ஆள் பேர் இல்ல சார். 'பாஸ் போட்டு விடுங்க'ன்னு கேக்கவும் இல்ல."

"தீப்பெட்டி ஆபீஸ்னு இருக்குல்லா?"

"கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி. அங்க எத்தனை ஆயிரம் அம்மா அந்த வேலை பாக்காங்க சார். இதை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?"

அவர் யோசித்தார். "ஆனா விடைக்கு இது எதுக்கு?"

"ஆதாரத்தை எப்படிப் படிக்கணும்ங்கிறதுக்கு."

இதைச் சொன்னபோது என் குரல் தேவைக்கு மேல் ஓங்கியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சரி, முறைகேடு இல்ல. மார்க் உங்க விருப்பம். நீங்கதானே தலைமை. நாலு மார்க்கைக் கூட்டிப் போட்டு அனுப்புங்க, முடிஞ்சுது."

கூட்டிப் போடலாம்தான். எனக்கு அதிகாரம் இருக்கிறது. போடவில்லை. இரக்கப்பட்டுப் போடும் மதிப்பெண்ணுக்கும் எரிச்சலில் போடும் மதிப்பெண்ணுக்கும் விடைத்தாளைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. இரண்டும் படிக்காமல் போட்டவை. விடைக்குறிப்பு சரியென்றால் அவளுக்கு ஒன்றுதான். தப்பென்றால் அவள் ஒருத்திக்கு மட்டும் தப்பாக இருக்காது.

மே 12, ஞாயிறு

துணி துவைத்தேன். காஸ் புக் செய்தேன். பரணிலிருந்து முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் பிரதியை எடுத்தேன். கறையான் இல்லை.

இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய தட்டச்சு. ஆறு அத்தியாயங்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பிரதியில் ஐந்துதான். நான்காம் அத்தியாயம், கைத்தொழில் சங்கங்களும் பெண்களின் வெளியேற்றமும். மறுமலர்ச்சி எல்லோருக்கும் மறுமலர்ச்சி இல்லை என்பது அதன் வாதம். நெறியாளர் பென்சிலில் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கிறார். பக்கத்தில், 'தேவையில்லை.'

அவர் கெட்டவர் இல்லை. அரசுக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு இருபது நாள் இருந்தது. "வெளியூர் தேர்வாளர் பழைய ஆளும்மா. இதைப் பாத்தா ஆறு மாசம் இழுத்தடிப்பார். எடுத்துரு. வேலைக்குப் போ. அப்புறம் ஆயுசு பூரா எழுதலாம்" என்றார். எடுத்தேன். வேலைக்குப் போனேன். முடிவு சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே செய்வேன் என்று நினைக்கிறேன்.

ஆறு வருடம் கழித்து ஒரு பதிப்பாளர் மாணவர்களுக்கு வினா-விடைப் புத்தகம் கேட்டார். மாணவர்களுக்கு எது எளிதோ அதை எழுதினேன். கல்வி, அரசிகள், இலக்கியம், அச்சு, சமயச் சீர்திருத்தம். மனப்பாடம் செய்ய வசதியாக ஐந்து. விடைக்குறிப்பு அதிலிருந்து வந்தது.

அத்தியாயத்தின் அறுபத்திரண்டாம் பக்கத்தில் 'ஸ்பின்ஸ்டர்' பற்றி ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது. நான் எழுதியதுதான். எனக்கு அது மறந்திருந்தது.

மே 13, திங்கள்

10ஆம் தேதி 'ஞாபகம் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை இல்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால், இதே மாடி. ஒரு தாளில் இதே கேள்விக்கு ஒருவர், 'சூனியக்காரி என்று ஏராளமான பெண்களைக் கொன்ற காலத்தை உயர்ந்த காலம் என்று எப்படி எழுதுவது?' என்று தொடங்கியிருந்தார். மணி நாலே முக்கால். கட்டு முடிய இன்னும் ஆறு தாள்கள். தலைப்புகளைத் தேடினேன், இல்லை. இரண்டு போட்டேன். மொத்தம் எவ்வளவு வந்தது என்று பார்க்காமல் அடுத்த தாளை எடுத்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த தாளின் ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது.

இன்று பீர்முகமது சாரிடம் எழுத்தில் கொடுத்தேன். 'பதினெட்டாம் கேள்விக்கான விடைக்குறிப்பில் பிழை உள்ளது. மாற்று வாதத்தைக் காரணத்தோடும் சான்றோடும் எழுதியவர்களுக்கும் பத்து வரை மதிப்பெண் அளிக்க வேண்டும். இதுவரை திருத்திய தாள்களில் இக்கேள்விக்கு மூன்றும் அதற்குக் கீழும் பெற்றவற்றை மீண்டும் பார்க்க வேண்டும்.'

"எத்தனை தாள் வரும்?"

"இருநூறுக்கு மேல."

"ரெண்டு நாள் வேலை! ஆட்கள் என்னைப் பிச்சிருவாங்க மேடம். யாரு பிழைன்னு மேல இருந்து கேப்பாங்களே, என்ன சொல்ல?"

கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். 'விடைக்குறிப்பைத் தயாரித்தவர்: நான்.'

"இதை எழுதணுமா?"

"எழுதினாத்தான் சார் மேல அனுப்ப முடியும்."

"அடுத்த வருஷம் உங்களைப் போட மாட்டாங்க, தெரியும்லா?"

"தெரியும்."

அவர் முத்திரை குத்தினார். சத்தம் வராண்டா வரை கேட்டிருக்கும்.

மே 14, செவ்வாய்

அறையில் யாரும் என்னோடு பேசவில்லை, ஜெபக்கனியைத் தவிர. அவரும் முறுக்கு தரவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் நாத்தனா மகளுக்குப் பூச்சூட்டு. நாலு மணிக்கெல்லாம் கிளம்பிரலாம்னு நெனச்சேன். நீங்க பண்ணுன வேலைக்கு ஆறு மணி ஆகும்."

"மன்னிச்சிருங்க ஜெபா."

"மன்னிக்கதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா பன்னெண்டு வருஷமா தெரியாதது இந்த வருஷம் எப்படித் தெரிஞ்சுது?"

தெரியும், தெரிந்துதான் எழுதினேன் என்று சொல்லவில்லை. பரணில் இருந்தது என்று சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்காது.

இருநூற்றுப் பதினான்கு தாள்கள். பெரும்பாலானவை ஐந்து தலைப்பில் ஒன்றிரண்டு எழுதிவிட்டுத் தயங்கி நின்றவை. ஒன்பது பேர் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஒன்பதில் இரண்டு பேர் கோபத்தை மட்டும் எழுதியிருந்தார்கள், அவற்றுக்கு மதிப்பெண் மாறவில்லை. ஒருவர் முதலில் சொந்தமாக ஒரு பக்கம் எழுதி, அதைக் குறுக்காக அடித்துவிட்டு, கீழே என் ஐந்து தலைப்புகளை எழுதத் தொடங்கி, நேரம் போதாமல் முதல் தலைப்போடு நின்றிருந்தார். அடிக்கப்பட்ட பக்கம்தான் நன்றாக இருந்தது. அடித்ததற்கு மதிப்பெண் கிடையாது.

மே 15, புதன்

26 வாங்கிய தாளை நான் திருத்துவது முறையில்லை. அவள் மொத்தம் எனக்குத் தெரியும். சுடலைமணியும் கூடாது. முகப்புப் பக்கத்தை மடித்து கிளிப் போட்டு, சுடலைமணியின் சிவப்பு மதிப்பெண்ணும் குறிப்பும் மறைய வெள்ளைத் தாள் ஒட்டி, ஜெபக்கனியிடம் கொடுத்தேன். பதினெட்டாம் கேள்வி மட்டும் என்றேன். தேர்ச்சிக்கு ஐந்து வேண்டும். அதைச் சொல்லவில்லை.

அவர் வழக்கமாக ஒரு பதிலுக்கு மூன்று நிமிடம் எடுப்பார். இதற்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்தார். இடையில் ஒரு முறை கண்ணாடியைத் துடைத்தார். ஒரு முறை டீ வந்தது. அவர் டீயைக் குடிக்கவில்லை, ஆடை படிந்தது. நான் வேறு ஒரு தாளை மூன்று முறை படித்து மூன்று முறையும் அர்த்தம் பிடிபடாமல் வைத்தேன்.

"நாலு போடலாம்னு பாத்தேன்" என்றார்.

என் பேனாவை மூடி வைத்தேன்.

"வாதம் நல்லாருக்கு. ஊர் பேரு, வருஷம் ஒண்ணுமில்ல. சான்று குறைச்சல். அம்மா கதைக்கு மார்க் உண்டா, இல்லையா?"

"நீங்கதான் திருத்துறீங்க."

"நானும் அதைத்தான் ரெண்டு தடவை படிச்சேன். மொதல்ல கதைன்னு நெனச்சேன். அது கதை இல்ல மேடம். அந்தக் காலத்துப் பதிவேட்டை நம்பக் கூடாதுன்னு சொல்லுதா. அதுக்கு ரெண்டு." பேனாவால் வட்டமிட்டார். "ஆறு."

31.

நான் திருத்தியிருந்தால் எட்டு போட்டிருப்பேன். ஆறுதான் சரி.

மே 16, வியாழன்

மழை. மாடி ஜன்னல்களைச் சாத்தியதும் அறை இருட்டாகிவிட்டது. கரண்ட் போய்விட்டதால் அரை மணி நேரம் யாரும் திருத்தவில்லை. சுடலைமணி என் மேசைக்கு வந்து நின்றார். ராட்டை விஷயமாக மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அந்த ஸ்பின்ஸ்டர்... நெசந்தானா மேடம்?"

"நெசந்தான். அகராதியிலயே இருக்கு."

"நான் அவ சும்மா அடிச்சு விடுதான்னு நெனச்சேன்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்க அம்மா பீடி சுத்துவா மேடம். முக்கூடல்ல. நான் எம்.ஏ. முடிக்கிற வரைக்கும் சுத்துனா. நான் எந்தப் பரீட்சையிலயும் அதை எழுதல. எழுதலாம்னு தோணவே இல்ல. இவ எழுதியிருக்காளேன்னு எனக்கு எரிச்சலா வந்துச்சு."

ஜெபக்கனியின் டப்பா திறந்திருந்தது. ஒரு முறுக்கை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"எவ்வளவு வந்துச்சு மேடம், கடைசியா?"

"முப்பத்தொண்ணு."

"பாஸ்." தலையாட்டினார். முறுக்கை ஒடித்துக்கொண்டே, "நான் ஒண்ணு போட்டேன்."

"நான் ஒரு தடவை ரெண்டு போட்டிருக்கேன்" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கரண்ட் வந்தது.

மே 17, வெள்ளி

முகாம் முடிந்தது. ஜெபக்கனி ஐந்தேகாலுக்குக் கிளம்பினார், பூச்சூட்டுக்கு முழுசாகத் தாமதம் என்று திட்டிக்கொண்டே. படியிறங்கும்போது திரும்பி, "அடுத்த வருஷம் உங்களைப் போடலைன்னா இந்த மாடியில என்கூட யாரு பேசுவா?" என்றார்.

விடுவிப்புப் படிவத்திலும் அதே 'செல்வி / திருமதி'. இரண்டையும் அடிக்கலாமா என்று பேனாவை வைத்தேன். அடித்தால் படிவம் திரும்பி வரும், பீர்முகமது சாருக்கு இன்னொரு வேலை. திருமதியை மட்டும் அடித்தேன்.

மே 19, ஞாயிறு

அதிகாலையிலேயே தண்ணீர் வந்தது. பிடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நான்காம் அத்தியாயத்தைத் தமிழில் மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆங்கிலப் பிரதி கைவசம் இருக்கிறது, ஆனால் அதன் தொடக்கம் இப்போது சரியாகப் படவில்லை. இரண்டு பக்கத்துக்குக் கோட்பாடு பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறேன். அதை நீக்கிவிட்டு இப்படித் தொடங்கினேன்: 'பெண்களின் நிலை உயர்ந்தது என்று நூல்கள் சொல்கின்றன. யாருக்கு என்று சொல்லவில்லை.'

இந்த வரி என்னுடையது இல்லை. அடிக்குறிப்பு வேண்டும். பெயர் தெரியாது. டம்மி எண்ணை எழுதக் கூடாது, எழுதினாலும் அது யாரையும் குறிக்காது. ஆணா பெண்ணா என்பதற்கும் சான்று இல்லை. யாருடைய மகள், யாருடைய மனைவி, எந்த ஊர், ஒன்றும் பதிவில் இல்லை.

தெரிந்ததை மட்டும் எழுதினேன்.

'1. எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. தொழில்: வரலாறு படிப்பவர்.'